தானா நகர்ந்துக்குவாங்க

அம்பிகா போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். பின்னால் கார் வந்ததைக் கவனிக்கவில்லையாம். வெண்தாமரை அடுக்ககத்தின் வீட்டுக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் அப்படித்தான் பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சு மேலிருந்து இறங்கிக் கார்கள் நிற்கும் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே துப்புரவு வேலை பார்க்கும் கோகிலா கையிலிருந்த மாப்பைத் தரையில் வீசியடித்தாள்.

"போனா? அவ போனு என்ற பைக்குள்ள கெடந்துச்சு! அது சத்தம் போட்டா சூப்பர்வைசர் திட்டுவாருன்னு எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் வேலைக்கு எறங்குனா. செத்தவ எந்திரிச்சு வந்து இல்லீங்கன்னு சொல்ல மாட்டாங்கற தைரியம், வேறென்ன?"

கூட நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூங்கொடி மட்டும் குனிந்து மாப்பை எடுத்துக் கொடுத்தாள். "மெதுவாப் பேசுக்கா. மேல கேக்கும்."

"கேக்கட்டும்."

சரவணம்பட்டியில் அந்த அடுக்ககத்துக்கு அடியில் இரண்டு தளம் முழுக்கக் கார்கள். இப்போது வரும் கார்களுக்கு ஓட்ட ஆள் தேவையில்லை. வீட்டுக்காரர் லிஃப்டில் இறங்கும்போதே போனைத் தொட்டால் போதும். கார் தன் இடத்திலிருந்து தானே பின்னால் நகர்ந்து, திரும்பி, லிஃப்ட் வாசலில் வந்து நிற்கும். அன்று காலை ஞானசேகரன் சாரின் காரும் அப்படித்தான் கிளம்பியது. அம்பிகா அதன் பின்னால் தூணோரமாகக் குத்துக்காலிட்டு, காய்ந்துபோன புறா எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும் வியாதி. உட்கார்ந்தால் கோகிலா கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். கோகிலா அந்த நேரம் பார்த்துக் குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது தூணுக்கும் பம்பருக்கும் நடுவே அம்பிகா இருந்தாள். உயிர் இல்லை.

ஞானசேகரன் சார் அழுதார். அதில் பொய்யில்லை. ஆனால் அழுகையோடு அழுகையாக, "சென்சார் பழுதாகியிருக்கு, சென்சார் பழுது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். கார் கம்பெனியோ, சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது என்றது. கோகிலாவுக்கு அதிலிருந்த கணக்கு சீக்கிரமே புரிந்துவிட்டது. சென்சார் கெட்டிருந்தால் குற்றம் கம்பெனியுடையது. கெடாமல் இருந்தால் அம்பிகாவுடையது. காருக்குச் சொந்தக்காரர் மேல் குற்றம் வருவதற்கு வழியே வைத்திருக்கவில்லை. அதனால்தான் அவசரம் அவசரமாக அந்தப் போன் கதை பிறந்திருந்தது.

சோதிக்க வந்தவன் பெயர் அஷ்ரப். கம்பெனியின் பழுது பார்க்கும் பிரிவில் என்ஜினியர், கல்யாணம் ஆகாத இளவட்டம். சட்டைப் பையில் கம்பெனி முத்திரை. வந்ததும் தூணில் இரத்தக் கறையை மறைத்துப் பெயிண்ட் அடித்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து நின்றான். அதற்காகவே கோகிலா அவனைத் திட்டாமல் விட்டாள்.

அவன் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தான். கோளாறு எதையும் அது காட்டவில்லை. பம்பரில் பொத்தான் போலப் பதிந்திருந்த நாலு சென்சாரையும் துணியால் துடைத்தான். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தான். உள்ளே மெல்லிய துடிப்பு இருந்தது. பம்பரைக் கழற்றி, ஒயரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தான். பின்கண்ணாடிக்கு மேலிருந்த கேமராவையும் விடவில்லை. எல்லாம் நன்றாக இருந்தன. பிறகு பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூம்பை வைத்துக் காரை வரவழைத்தான். கார் நின்று பீப் பீப் என்று கத்தியது. அட்டைப் பெட்டியை வைத்தான். நின்றது. அவனே போய் நின்றான். நின்றது.

ஞானசேகரன் சார் பொறுமையிழந்தார். "அன்னிக்கு மட்டும் ஏன் நிக்கல? எதோ லூஸ் காண்டாக்ட் தம்பி, நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன் சார். சென்சார் நல்லா இருக்கு. அப்படித்தான் எழுதணும்."

தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த கோகிலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அவன் முன்னால் வந்தாள்.

"எழுதறதுக்கு முன்னால என்னையும் ஒருக்கா வெச்சுப் பாருங்க."

"அக்கா?"

"கூம்ப வெச்சீங்க, அட்டப்பொட்டிய வெச்சீங்க. அவ பொட்டியில்லீங்களே. அவ எப்படி உக்காந்திருந்தாளோ அப்படி நான் உக்கார்றேன். வரச் சொல்லுங்க உங்க வண்டிய."

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் ஞானசேகரன் சார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அஷ்ரப் தயங்கினான். கையில் காரை அந்த இடத்திலேயே நிறுத்தும் பொத்தான் இருந்தது. அதைக் கட்டை விரலில் பொருத்திக்கொண்டு, முதலில் அவனே அவள் சொன்ன இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். கார் வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. "இப்ப நீங்க வாங்கக்கா. பயப்படாதீங்க."

கோகிலா தன் சீருடையான நீலக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாளியைப் பக்கத்தில் வைத்து, காருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஈரத் தரையில் டயர் உருளும் சத்தம் கேட்டது. நிற்கப்போகிறது, நிற்கப்போகிறது என்று காத்திருந்தாள். சத்தம் குறையவே இல்லை. வேகமும் குறையவில்லை. "அக்கா!" என்று அஷ்ரப் அலறினான். முதுகில் ஏதோ பட்டது. பம்பர்.

கார் நின்றிருந்தது. நிறுத்தியவன் அவன், அது தானாக நிற்கவில்லை.

அஷ்ரப் அவளைக் கைபிடித்துத் தூக்கினான். ஞானசேகரன் சார் மட்டும், "நான்தான் சொன்னேனே! பழுதுதான்!" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கோகிலா கேட்டாள்.

அஷ்ரப் அவள் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். வாளியைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தான். நிறுத்தும் பொத்தானைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். கார் அவனுக்கும் நிற்கவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். நின்றது. கோட்டில்லாமல் கோகிலாவை உட்காரச் சொன்னான். அவளுக்கும் நின்றது. பிறகு அங்கே இருந்த வேறு இரண்டு வீட்டாரின் கார்களைக் கேட்டு வாங்கிச் சோதித்தான். அவையும் அப்படியேதான்.

"இது பழுதில்லக்கா," என்றான் கடைசியில். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பழுதா இருந்தா நல்லா இருந்திருக்கும்."

"புரியற மாதிரிச் சொல்லு தம்பி."

"பழைய சென்சார் இருக்கே, அது ஒண்ணுந்தெரியாதது. சத்தத்த அனுப்பும். எதுலயாவது பட்டுத் திரும்பி வந்தா கத்தும். செவுரு, நாய், மனுசன் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். சும்மா சும்மா கத்துதுன்னு ஜனங்க எரிச்சல்பட்டாங்க. அதனால இப்ப வண்டிக்குக் கண்ணும் வெச்சு, தானே கத்துக்கச் சொல்லியிருக்காங்க. எதுக்கு நிக்கணும், எதுக்கு நிக்க வேண்டாம்னு."

"எதுக்கு நிக்க வேண்டாமாம்?"

"பாலித்தீன் பை, காஞ்ச எலை. அப்புறம் இந்தப் புறா இருக்கில்ல, கிட்டப் போனா பறந்துரும். ஒவ்வொரு புறாவுக்கும் நின்னா வண்டி போய்ச் சேராது. அதனால, எது கிட்டப் போனா தானா வெலகுதோ அதுக்கு நிக்கறதில்ல. பார்த்துப் பார்த்துக் கத்துக்கும். ஒரு வண்டி கத்துக்கிட்டா இங்க இருக்குற மத்த வண்டிக்கும் தெரிஞ்சுரும்." அவன் நிறுத்தினான். தலையைக் குனிந்துகொண்டான். "இத்தனை வருசமா இந்த வண்டிங்க பார்த்தது அதுதான்க்கா. இந்த நீலக் கோட்டு, வாளி, குனிஞ்சு உக்காந்திருக்கற ஆளு. வண்டி அசைஞ்சா ஒடனே எந்திரிச்சு நகர்ந்துருவாங்க. ஒரு தடவைகூட நகராம இருந்ததில்ல."

கோகிலா தரையில் கிடந்த நீலக் கோட்டைப் பார்த்தாள்.

"அப்ப நாங்க புறா."

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படித் தம்பி சொல்லோணும்? நாங்க ஏன் எந்திரிச்சு ஓடுனோம் தெரியுமா? வண்டி கத்துச்சுன்னா மேல இருந்து சூப்பர்வைசருக்குப் போன் போகும். உங்க ஆளுக வழியில உக்காந்து கழுத்தறுக்கறாங்கன்னு. அந்தத் திட்டுக்குப் பயந்து, அது கத்தறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு ஓடுவோம். அதப் பார்த்தா இது கத்துக்கிச்சு?" அவள் குரல் உடைந்தது, உடைந்ததற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது. "நாங்க ஓடி ஓடி, அம்பிகாவக் கொல்றதுக்கு நாங்களே பாடஞ்சொல்லிக் குடுத்திருக்கோம். இப்படிப் பண்ணலாம்னு முடிவு பண்ணுனது யாரு? பேரச் சொல்லு."

"யாருமே பண்ணலக்கா. அது தானா..."

"யாரும் பண்ணாமயே ஒருத்தி செத்துப்போனாளா?"

ஞானசேகரன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆக மொத்தம் வண்டில தப்பு. நம்ம கையில ஒண்ணுமில்ல. சரிதானே தம்பி?"

கோகிலா அஷ்ரப் கழற்றிப் போட்டிருந்த கோட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், இதப் போட்டுட்டு ஒரு நிமிசம் உக்காருங்க. தம்பி கையில பொத்தான் இருக்குது, ஒண்ணும் ஆகாது. அவ காதுல கடேசியா என்ன சத்தம் விழுந்துச்சுன்னு நீங்களும் கேளுங்க."

அவர் இரண்டடி பின்னால் போனார். கோட்டின் மேல் விரல்கூடப் படவில்லை. "மரியாதையாப் பேசு" என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

அஷ்ரப் பார்த்ததை எல்லாம் கம்பெனிக்கு எழுதிப் போட்டான். பதில் வந்ததும் அவனே நேரில் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. சென்சார் சரியாகவே வேலை செய்கிறதாம். துப்புரவுப் பணியாளர்களின் உடுப்பை மாற்றினால் போதுமாம். சங்கமும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டது. அந்த வாரமே ஆரஞ்சு நிறத்தில் புதுக் கோட்டுகள் வந்து இறங்கின.

"இதுக்கு நிக்குமா?" என்று கேட்டாள் கோகிலா.

"நிக்கும். புதுசில்ல, அதனால கொஞ்ச நாளைக்கு நிக்கும். நீங்க பழையபடி நகர நகர, இதையும் கத்துக்கும்."

"நகராம இருந்தா?"

அஷ்ரப் நிமிர்ந்து பார்த்தான்.

"நகர்றதப் பார்த்துக் கத்துக்கிச்சில்ல? நாங்க நகரலீன்னா அதையும் கத்துக்கோணுமில்ல?"

"கத்துக்கும். ஆனா அக்கா, இந்த ஆரஞ்சுக் கோட்டுல நகராம உக்காந்தா அதுக்கு ஆரஞ்சுதான் தெரியும். நீலக் கோட்டப் பத்தி அது நெனைக்கறது மாறாது. மத்த ஊருல எல்லாரும் நீலமும் பச்சையும்தானே போட்டிருக்காங்க."

"அப்ப நீலத்துலயே உக்கார்றோம்."

"வேண்டாங்கக்கா. என் கையில அன்னிக்குப் பொத்தான் இருந்துச்சு."

"வீட்டுக்காரங்க கையில போன் இருக்குதில்ல? அதுல நிறுத்தறதுக்குப் பொத்தான் இல்லியா? அமுக்கச் சொல்லு. இத்தன நாளு எங்களுக்குத்தான் கண்ணு வேணும்னாங்க. இனி அவிங்க கண்ணத் தொறக்கட்டும்."

ஆரஞ்சுக் கோட்டுகளை அலமாரியில் மூட்டையாகவே போட்டார்கள். பெண்களில் பாதிப்பேர் முடியாது என்றார்கள். பிள்ளை குட்டிக்காரர்கள், கோகிலா அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பூங்கொடி வந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி காருக்குப் பின்னால் உட்கார வேண்டும். இன்னொருத்தி லிஃப்ட் வாசலில் நின்று, இறங்கி வருகிறவரிடம், "பின்னாடி ஆள் இருக்குதுங்க, நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

முதல் நாள் கோகிலா தோற்றுப்போனாள். டயர் உருண்ட சத்தம் கேட்டதும் அவள் கால்கள் தாமாக எழுந்து ஓடிவிட்டன. ஓடி முடித்துச் சுவரோரம் நின்ற பிறகுதான் ஓடியதே அவளுக்குத் தெரிந்தது. தொடையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். "காரவிட நல்லாக் கத்துக்கிட்டு வெச்சிருக்கே நீ" என்று கால்களைத் திட்டினாள்.

மறுநாள் சேலைத் தலைப்பை எடுத்துத் தூணிலிருந்த தண்ணீர்க் குழாயோடு இறுக்கி முடிந்துகொண்டாள். "உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று பூங்கொடி கத்தியதைக் காதில் வாங்கவில்லை. அன்று வந்தது நர்மதா மேடத்தின் கார். லிஃப்டிலிருந்து இறங்கிய மேடம் பூங்கொடி சொன்னதைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல, "நகரும்மா!" என்று குரல் கொடுத்தார்.

"நகர மாட்டேனுங்க. வண்டிய நிறுத்துங்க."

"விளையாடாத. நகரு!"

"நீங்கதான் நிறுத்தோணும்!"

கார் வந்துகொண்டே இருந்தது. மேடம் போனைத் தடவினார், தவறவிட்டார், குனிந்து எடுத்து அமுக்கினார். கோகிலாவின் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் கார் நின்றது. மேடம் ஓடி வந்தார். "பைத்தியமா உனக்கு? ஏதாவது ஆயிருந்தா? நான் கொலைகாரி ஆயிருப்பேனே!"

"அம்பிகாவும் நகராமத்தான் உக்காந்திருந்தா. அவளுக்கு முடியல. நீங்கெல்லாம் சேந்து அவ போன் பேசுனான்னு சொன்னீங்க," என்றாள் கோகிலா. பிறகுதான் முடிச்சை அவிழ்த்தாள்.

அதற்கப்புறம் மேடம் கீழே வந்து, பின்னால் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தார். எல்லாரும் அப்படி இல்லை. சூப்பர்வைசர் வந்து குதித்தார். வேலையை விட்டு நிறுத்துவோம் என்று சங்கம் மிரட்டியது. ஒருவர் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். இன்னொருவர் வீடியோ எடுத்துப் போட, திமிர் பிடித்தவள் என்று ஊரே அவளை வைதது. ஆனால் நகரத்தில் வேறு அடுக்ககங்களில் வேலை செய்யும் பெண்களும் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். பீளமேட்டில் பச்சைக் கோட்டோடு சிலர் உட்கார்ந்தார்கள். வடவள்ளியில் உட்கார்ந்தார்கள். யார் சொல்லியும் அல்ல. அங்கேயும் ஓர் அம்பிகா இருந்திருப்பாள் போலும்; கால் போனவள், இடுப்பு உடைந்தவள், கவனமில்லாதவள் என்று பெயர் வாங்கியவள்.

ஒருநாள் காலை கோகிலா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டயர் சத்தம் பாதியில் நின்றது. கார் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. லிஃப்ட் வாசலில் பூங்கொடியைத் தவிர யாருமில்லை. வீட்டுக்காரர் இன்னும் இறங்கியே வரவில்லை. கார் தானாக நின்றிருந்தது.

பூங்கொடி கைதட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கோகிலாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கோகிலா எழுந்து போய்க் காரின் பின்பக்கத்தில் உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் கத்து! நல்லாக் கத்து! இந்தச் சத்தத்த அன்னிக்கு ஒருக்காக் கத்தியிருந்தா உனக்கு என்ன கேடு வந்திருக்கும்?"

கார் அதற்கும் கத்தியது.

செய்தி கேட்டு அஷ்ரப் வந்தான். வேலையை விட்டிருந்தான்; விட்டானா, அனுப்பினார்களா என்று அவள் கேட்கவில்லை. "இது இந்தக் கட்டடத்தோட நிக்காதுக்கா," என்றான். "கம்பெனியில எல்லா வண்டியும் கத்துக்கிட்டத ஒண்ணாச் சேத்து, எல்லா வண்டிக்கும் திருப்பி அனுப்புவாங்க. உங்க பேரு யாருக்கும் தெரியப்போறதில்ல. ஆனா எங்கயோ ஒரு ஊருல நிக்கும்."

"அம்பிகா போன் பேசிட்டிருந்தாங்கற பொய்ய வாபஸ் வாங்குனாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப இன்னும் முடியல," என்றாள்.

தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்கக் காந்திபுரம் போயிருந்தாள். கடையின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு வெள்ளைக் கார் பாதி வழியில் நின்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் நல்ல உடுப்புப் போட்ட ஒருவர், இரண்டு கையிலும் துணிப்பைகள், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கம்பெனிக்காரரிடம் இரைந்துகொண்டிருந்தார்.

"பார்க்கிங் சென்சார் போயிருச்சுங்க. இந்த வாரத்துல இது மூணாவது தடவை. பின்னாடி ஒண்ணுமே இல்ல, சும்மா நின்னுட்டுக் கத்துது. ஆமாங்க, புது வண்டி. இதுக்கா இவ்வளவு காசு வாங்குனீங்க?"

கோகிலா காரின் பின்பக்கம் பார்த்தாள். ஒரு பெண், பச்சைக் கோட்டு, தலையில் துண்டு. சாக்கைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, குப்பைத் தொட்டிக்கு அடியில் உருண்டு போயிருந்த பாட்டில்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். கார் கத்துவது தனக்காகத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பதறிப்போய்ச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழப் போனாள்.

"எந்திரிக்காத. உக்காரு," என்றாள் கோகிலா.

"வண்டி போகோணுமாட்ட இருக்குதுங்கக்கா..."

"போகட்டும். நீ பொறுக்கி முடி, அப்புறம் போகட்டும்." துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலை எடுத்துச் சாக்கில் போட்டாள். கார் இன்னும் உரக்கக் கத்தியது.

போனின் மறுமுனையில் இருந்தவர் ஏதோ கேட்டிருப்பார் போலிருக்கிறது. அந்த மனிதர் சலித்துக்கொண்டே காரைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். இரண்டு பெண்களுக்கும் எதிரே, கை தொடும் தூரத்தில் நின்றார். அவர்கள் தலைக்கு மேலாகச் சுவரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு போனில் சொன்னார்:

"பார்த்துட்டேனுங்க. இப்பவும் ஒண்ணுமே இல்ல."